எந்தச் சூரியனுக்குக் கீழே பண்ணையம்?

“அங்க ஆடிப்பட்டம் எப்பக் கண்ணு வரும்?”

சாளை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா இதைக் கேட்டபோது, நானும் அண்ணன் மகளும் தரையில் சார்ட் பேப்பரை விரித்து வைத்திருந்தோம். நாங்கள் கற்பனை செய்யும் கிரகத்துக்கு எந்த நட்சத்திரத்தைச் சூரியனாக வைப்பது என்று மூன்று நாளாக முடிவுக்கு வர முடியவில்லை. பேப்பரில் எட்டுப் பேர் வரிசையாக இருந்தார்கள். எடை, வெப்பநிலை, ஆயுள், தூரம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தோம். பட்டத்துக்குக் கட்டம் போடவில்லை.

“விதைக்க ஒரு காலம், அறுக்க ஒரு காலம் இல்லாத ஊர்ல குடியானவன் என்னத்தப் பண்ணுவான்?” என்று அடுத்ததாகவும் கேட்டார்.

நாங்கள் எழுதும் கதை குடியானவர்களின் கதைதான். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே மேட்டாங்காட்டில் பிறந்தவர்களின் பேரன் பேத்திகள் வேறொரு கிரகத்தில் மண்ணைக் கிளறி, கிணறு தோண்டி, மாடு வளர்க்கிறார்கள். எழுதுவது நான். வரைபடமும் கணக்கும் பத்தாம் வகுப்பு படிக்கும் அம்மிணியின் வேலை. முதல் அத்தியாயத்தை ஒரு சிவப்புக் குள்ளனை, அதாவது சின்னதாக, மங்கலாக எரியும் ஒரு நட்சத்திரத்தை, சுற்றும் கிரகத்தில் வைத்து எழுதியிருந்தேன். “சேவல் கூவியது, பொழுது கிளம்பியது” என்று ஆரம்பித்திருந்தேன். அவள் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, “ஏனுங்கத்தை, இந்தக் கிரகத்துல பொழுது கெளம்பவே கெளம்பாதுங்களே?” என்றாள். சரியாகச் சொன்னாள். அந்தப் பதினோரு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு, நட்சத்திரம் முடிவாகாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று உட்கார்ந்தோம்.

ஆண்டின் நீளம், இரவு பகல் உண்டா இல்லையா என்பது, மழை விழும் இடம், இலையின் நிறம், கடல் தங்குமா ஆவியாகிப் போகுமா என்பது எல்லாமே சூரியனைப் பொறுத்தவை. ஊர் பேரைக் கடைசி அத்தியாயத்தில்கூட மாற்றிக்கொள்ளலாம். சூரியனை மாற்றினால் மொத்தக் கதையும் போய்விடும். இதுபோல ஒரு உலகத்தைக் கட்ட நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் நாங்கள் எடைபோட்ட விதத்தை எழுதுகிறேன். மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம். அப்பா கேட்ட பட்டம் முதலாவது. அந்தக் கிரகத்தில் தண்ணீர் இருப்பதற்கு நம்பத்தக்க கடந்தகாலம் உண்டா என்பது இரண்டாவது. அண்ணாந்து பார்த்தால் கதைக்கு என்ன கிடைக்கும் என்பது மூன்றாவது.

நான்கு பேரைச் சீக்கிரமே கழித்துவிட்டோம். சிரியஸைப் போன்ற வெண்ணீல நட்சத்திரங்கள் பார்க்க அழகு, ஆனால் ஆயுள் போதாது. அந்த எடைக்கு எரிபொருள் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நம் பூமிக்கு 450 கோடி வயது. அதன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சிரியஸுக்குக் கீழே பாசி பிடிக்கலாம், சோளம் விளையாது. சிவப்பு ராட்சதன் சாகப்போகும் நட்சத்திரம். அதன் வெப்ப எல்லை நகர்ந்துகொண்டே இருப்பதால் எந்தக் கிரகமும் இதமான இடத்தில் நெடுநாள் நிற்காது. பழுப்புக் குள்ளன் பிறந்தது முதலே ஆறிக்கொண்டிருப்பது, வெளிச்சமும் போதாது.

நான்காவது பல்சர். அதைக் கழிக்க அம்மிணிக்கு மனமே வரவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஊட்டி முத்தோரை மலைச்சரிவில் படுத்திருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்தவள். 1970இல் கட்டி முடித்த அந்தத் தொலைநோக்கி பல்சர்களின் துடிப்பையும் கேட்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சூரியனல்லாத நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகங்கள் என்று 1992இல் முதலில் உறுதியானவையும் ஒரு பல்சரைச் சுற்றுபவைதான். ஆனால் பல்சர் என்பது பெரிய நட்சத்திரம் ஒன்று சூப்பர்நோவாவாக வெடித்துச் செத்ததில் எஞ்சிய கரு. அதிலிருந்து வருவது ரேடியோ அலையும் எக்ஸ் கதிரும் துகள் காற்றும்தான், வெயில் அல்ல. அங்கே வீடு கட்டலாம் என்று நம்பி எழுத என்னால் முடியாது.

மீதி நான்கு பேரோடுதான் உண்மையான போராட்டம்.

சிவப்புக் குள்ளனைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். நம் பால்வெளியில் நான்கில் மூன்று நட்சத்திரங்கள் இந்த வகை. ஆனாலும் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டில் இருக்கிறது, அதுவும் சிவப்புக் குள்ளன்தான். 2016இல் அதற்கு ஒரு கிரகம் கண்டார்கள், அதன் ஆண்டு 11.2 நாள். 2017இல் செய்தியான டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்துக்கு ஏழு கிரகங்கள், ஏழும் பாறைக் கிரகங்கள். நாங்கள் முதலில் எடுத்தது அதில் நான்காவதாக வரும் ‘இ’ கிரகத்தை. அதன் ஆண்டு 6.1 நாள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய வருடம் சனிக்கிழமையோடு தீர்ந்துவிடும்.

“சிவப்பு” என்ற பெயரைக் கேட்டு ரத்தச் சிவப்பாக வானத்தை எழுதுபவர்கள் நிறைய. டிராப்பிஸ்ட்-1இன் மேற்பரப்பு சுமார் 2,560 கெல்வின். பழைய குண்டு பல்பின் இழை ஏறக்குறைய 2,700 கெல்வின். எங்கள் கட்டுத்தரையில் இன்னும் ஒரு குண்டு பல்பு தொங்குகிறது. பகலிலேயே கதவைச் சாத்தி, சந்துகளில் சாக்கைத் திணித்து, அந்த வெளிச்சத்தில் மட்டும் பத்து நிமிடம் நின்று பார்த்தோம். முதலில் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. கண் பழகியதும் மயிலைக் கன்றின் சாம்பல் நிறம் சாம்பலாகவே தெரிந்தது. சோளத்தட்டின் பச்சைதான் செத்துப்போய்க் கருத்திருந்தது. அங்கே இலைகள் கிடைக்கும் எல்லா ஒளியையும் குடிக்கக் கறுப்பாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்வதை அந்தக் கட்டுத்தரையில்தான் முழுதாக உணர்ந்தேன். சூரியனும் சின்னது அல்ல. அந்தக் கிரகத்தில் நின்றால் நம் சூரியனைப் போல நான்கு மடங்கு அகலமாக, அசையாமல், வானத்தில் அறைந்து வைத்தாற்போலத் தெரியும்.

அசையாமல் என்பதுதான் சிக்கல். நட்சத்திரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் சுற்றும் கிரகம், நிலா பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டும். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் முடியாத இரவு, இரண்டுக்கும் நடுவே வளையமாக ஒரு அந்திப் பட்டை. குடியிருக்க நம் மனம் அந்தப் பட்டைக்குத்தான் ஓடும். அங்கே காற்று எப்படி இருக்கும் என்பதை நாங்கள் புத்தகத்தில் தேடவில்லை. பகல் பக்கத்தில் சூடேறிய காற்று மேலே எழும்பி, உயரத்தில் இரவுப் பக்கம் போய்க் குளிர்ந்து, தரையோடு தரையாகத் திரும்பி வரும். கிரகத்தின் சுழற்சி அதைக் கொஞ்சம் கிழக்கே வளைக்கும், அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலம். அந்தச் சந்தில் நுழையும் தென்மேற்குக் காற்றுதான் ஆனி, ஆடியில் உடுமலை, பல்லடம் வரை வந்து காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஓட்டைப் பிய்க்கிறது, வாழையைச் சாய்க்கிறது. அந்தக் காற்று ஆவணி வந்தும் நிற்காமல், பிறந்தது முதல் சாகும்வரை ஒரே திசையில் அடித்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அந்திப் பட்டை அப்படி. வீட்டு வாசல் எல்லாம் ஒரே திசை பார்க்கும். மரங்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

தண்ணீர்க் கதை இன்னும் வளமானது. பகல் பக்கத்தில் ஆவியாகும் நீர் இரவுப் பக்கம் போய்ப் பனியாக விழும், விழுந்தது திரும்பாது. வருடா வருடம் கடல் இருட்டுக்குள் போய் உறையும். பனி மலையாகக் குவிந்து, தன் எடையிலேயே நகர்ந்து, அந்திப் பட்டைக்கு வந்து உருகினால்தான் ஆறு. அப்படியானால் அங்குள்ளவர்கள் மழையை நம்பிப் பிழைக்க முடியாது, பனியாற்று வாய்க்காலைத்தான் நம்ப வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வாங்கிய கொங்கு மனிதர்களுக்கு இது புரியாத வாழ்க்கை இல்லை. மடைக்காரர், முறைத் தண்ணீர், கடைமடைக்காரரின் கோபம் என்று எல்லாம் அங்கேயும் இருக்கும். இதை எழுத எனக்கு ஆசை இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆனால் பட்டம்? ஒரே முகம் காட்டும் கிரகத்தின் அச்சுச் சாய்வும் காலப்போக்கில் நிமிர்ந்துவிடும். சாய்வில்லாத கிரகத்தில் பருவம் இல்லை. ஒரு வயலில் இன்றைக்கு அடிக்கும் வெயில்தான் ஆயிரம் வருடம் கழித்தும். “எப்பவும் விதைக்கலாம்னா எப்ப விதைக்கறதுன்னே தெரியாது” என்றார் அப்பா. இரண்டாவது கேள்வியில் நிலைமை இன்னும் மோசம். சிவப்புக் குள்ளன் இளமையில் இப்போதைவிடப் பல மடங்கு பிரகாசமாக, கோடிக்கணக்கான ஆண்டுகள் கொதித்த பிறகே அடங்குகிறது. இன்று இதமான தூரத்தில் இருக்கும் கிரகம் அன்று வறுபட்டிருக்கும், கடல் போயிருக்கும். அதன் பிறகும் தீப்பொறி வெடிப்புகள். 2016இல் பிராக்சிமா ஒருமுறை வெடித்தபோது சில நிமிடங்களுக்கு ஏறக்குறைய 68 மடங்கு பிரகாசமானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் டிராப்பிஸ்ட்-1இன் முதல் இரண்டு கிரகங்களைப் பார்த்ததில், முதலாவதில் சொல்லிக்கொள்ளும்படி காற்றில்லை, இரண்டாவதில் அடர்த்தியான கரியமில வாயு மண்டலமும் இல்லை. ‘இ’ கிரகம் சற்றுத் தள்ளி இருப்பதால் அதற்கு இதையே தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஆனாலும் என் நம்பிக்கை குறைந்தது. ஒரு தலைமுறையில் முடியும் கதைக்குச் சிவப்புக் குள்ளனை இன்றும் சிபாரிசு செய்வேன். பக்கத்துக் கிரகங்கள் நிலா அளவுக்கு வானத்தில் வந்துபோகும் அழகு வேறெங்கும் இல்லை. நூறு தலைமுறைப் பண்ணையத்துக்கு அது தாங்காது.

வெண்குள்ளன் என் மனதுக்கு மிக நெருக்கமானவன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்குதான் வெண்குள்ளனின் எடைக்கு வரம்பு உண்டு என்று காட்டியது. சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. அதற்கான நோபல் 1983இல் வந்தது. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சாம்பல் கட்டி என்று வெண்குள்ளனைச் சொல்லலாம். சூரியனின் எடையில் பாதிக்கு மேல், பூமி அளவுப் பந்துக்குள் அடங்கியிருக்கும். எரிவது நின்றுவிட்டாலும் ஆறுவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும்.

அம்மிணி கணக்குப் போட்டாள். பூமி அளவு வெண்குள்ளன், அதிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நம் கிரகம். அங்கிருந்து பார்த்தால் அந்தச் சூரியனின் அகலம் கிட்டத்தட்ட அரைப் பாகை. நம் சூரியனும் வானத்தில் அரைப் பாகைதான். வெண்குள்ளன் 5,800 கெல்வினுக்கு ஆறியிருக்கும் காலமாக எடுத்துக்கொண்டால் நிறமும் அதே, வெயிலும் ஏறக்குறைய அதே. பூமி அளவே உள்ள ஒரு நட்சத்திரம் நம் வைகாசி வெயிலை அப்படியே கொடுக்கும் என்று கணக்கு வந்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

அதன் பிறகு ஆண்டைக் கணக்குப் போட்டோம். 11 மணி நேரம் சொச்சம். இங்கேயும் கிரகம் ஒரே முகத்தைத்தான் காட்டும், பருவம் இல்லை. இன்னும் பாதித் தூரம் நெருங்கினால் ஈர்ப்பு கிரகத்தையே பிய்த்துவிடும். ஆனால் என்னைத் தடுத்தது கடந்தகாலம்தான். வெண்குள்ளன் ஆவதற்கு முன் அது சிவப்பு ராட்சதனாக ஊதிப் பெருத்திருக்கும். 15 லட்சம் கிலோமீட்டரில் இருந்த எதையும் அப்போது விழுங்கியிருக்கும். அப்படியென்றால் நம் கிரகம் தூரத்திலிருந்து பிற்பாடு உள்ளே வந்திருக்க வேண்டும். அது முடியாத காரியம் இல்லை. 2020இல் ஒரு வெண்குள்ளனை 1.4 நாளில் சுற்றும், வியாழன் அளவுள்ள கிரகத்தைக் கண்டார்கள், அதுவும் வெளியிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். ஆனால் ஒரு பாறைக் கிரகம் கடலையும் காற்றையும் சிந்தாமல் அவ்வளவு தூரம் உள்ளே வந்து, நீள்வட்டப் பாதை வட்டமாகும்போது எழும் உள்வெப்பத்தில் உருகாமல் தப்பி, அதன் பிறகு ஏரி குளத்தோடு நிற்கிறது என்று எழுதினால் கூர்மையான வாசகர் ஒருவர் புத்தகத்தை மூடிவிடுவார். மனிதர்களே இழுத்து வந்து நிறுத்திய உலகம் என்றால் வெண்குள்ளனைவிடச் சிறந்த இடம் இல்லை. எங்கள் கதையில் அப்படிப்பட்ட வல்லமை யாருக்கும் கிடையாது, மண்வெட்டிதான் இருக்கிறது.

இரட்டைச் சூரியன் எழுத மிகச் சுலபமானது என்று நினைத்திருந்தேன். 2011இல் கண்ட கெப்ளர்-16பி இரண்டு நட்சத்திரங்களை ஒருசேரச் சுற்றுகிறது. நட்சத்திரங்கள் தங்களுக்குள் 41 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன, கிரகத்தின் ஆண்டு 229 நாள். சனியைப் போன்ற எடை, குளிர், அங்கே நிற்கத் தரை கிடையாது. ஆனால் அமைப்பு நிலையானது. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளி இருந்தால் கிரகம் தப்பித்துக்கொள்ளும். பருவமும் உண்டு, பகலிரவும் உண்டு. இரண்டு சூரியன்களும் வானத்தில், கையை நீட்டி அளந்தால், அதிகபட்சம் இரண்டு முஷ்டி அகலம்தான் விலகும். ஒன்று விழுந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் மற்றதும் விழுந்துவிடும்.

களத்துமேட்டில் ஆளுக்கு இரண்டு நிழல் என்று எழுத அம்மிணி துடித்தாள். திரும்பவும் கட்டுத்தரைக்குப் போனோம். குண்டு பல்பை ஒரு பக்கமும் வெள்ளை எல்இடி பல்பை மறுபக்கமும் போட்டு, நடுவில் தண்ணீர்க் குடத்தை வைத்தாள். எல்இடி வெளிச்சம் மறைந்த இடத்தில் நிழல் ஆரஞ்சாகவும், குண்டு பல்பு மறைந்த இடத்தில் நீலமாகவும் விழுந்தது. குடத்தின் கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் மட்டும் கறுப்பு. அவ்வளவு நேர்த்தியான நிழலை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு கெப்ளர்-16இன் இரண்டாவது நட்சத்திரம் மொத்த வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தருகிறது என்பது நினைவு வந்தது. எல்இடியைச் சுற்றித் துணியைச் சுற்றிச் சுற்றி மங்கவைத்தோம். இரண்டாவது நிழல் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. சமமான இரண்டு நிழல் வேண்டுமென்றால் இரட்டையர் போன்ற இரண்டு நட்சத்திரங்கள் வேண்டும். அப்படி வைத்தால் ஒன்றை ஒன்று மறைக்கும் ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் வெயில் பாதியாகும், கிரகணம் மாதாந்திர வழக்கமாகிவிடும். கடல் இருக்கும் கிரகத்தில் இந்த ஏற்றஇறக்கம் பயிரைப் பெரிதாகப் பாதிக்காது என்று நினைக்கிறேன், கடல் சூட்டைத் தேக்கிவைத்து நிரவிவிடும். இந்த வாய்ப்பு மூன்று கேள்விக்கும் தேறியது. இதற்கு மேல் ஒருவர் வந்திராவிட்டால் இதையே எடுத்திருப்போம்.

அந்த ஒருவர் 40 எரிடானி.

பெயரில்தான் ஒன்று, ஆள் மூன்று. பூமியிலிருந்து 16 ஒளியாண்டு. நடுநாயகமாக ஒரு ஆரஞ்சு நட்சத்திரம். அதிலிருந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய 400 மடங்கு தள்ளி, ஒரு வெண்குள்ளனும் ஒரு சிவப்புக் குள்ளனும் ஜோடியாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 1783இல் வில்லியம் ஹெர்ஷல் இந்த ஜோடியைக் கண்டார். வெண்குள்ளன் என்று ஒரு இனம் இருப்பதாக வானியலாளர்களைச் சந்தேகப்பட வைத்ததும் இதே ஜோடியில் உள்ளதுதான், 1910இல். நாங்கள் மனமில்லாமல் கழித்த வெண்குள்ளனும் சிவப்புக் குள்ளனும் வானத்திலேயே திரும்பக் கிடைத்தார்கள்.

கிரகம் சுற்றப்போவது ஆரஞ்சு நட்சத்திரத்தை. சூரியனின் எடையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், வெளிச்சத்தில் பாதிக்குச் சற்றுக் கீழ், மேற்பரப்பு 5,100 கெல்வின் அளவில். ஆரஞ்சு என்பது வகைப் பெயர், நடுப்பகல் வெயில் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் படும். சூரியனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயுள். நமக்குக் கிடைக்கும் அதே அளவு வெயில் வேண்டுமானால் கிரகம் சுமார் 10 கோடி கிலோமீட்டரில் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரே முகம் காட்டும் கட்டாயம் இல்லை. அச்சுச் சாய்வு நிலைக்கும், பொழுது கிளம்பும், பொழுது விழும், சேவல் கூவலாம்.

ஆண்டு 217 நாள் வந்தது. இந்த எண்ணிலிருந்துதான் கதை பெருகத் தொடங்கியது. சோளம் நூறு நூற்றுப்பத்து நாள், எனவே வருடத்துக்கு மிகச்சரியாக இரண்டு பட்டம். ஈரோட்டு மஞ்சள் ஒன்பது மாதப் பயிர், வருடத்தைத் தாண்டிவிடும். புது வருடம் பிறக்கும்போது மஞ்சள் இன்னும் மண்ணுக்குள் இருக்கும். மாடு சினை தரித்துக் கன்று போட 280 நாளுக்கு மேல், அதாவது ஒரு வருடமும் இரண்டு மாதமும். மனிதப் பிள்ளையும் அப்படித்தான். எந்தப் பெண்ணும் கருவுற்ற வருடத்திலேயே பிரசவிக்க மாட்டாள். அம்மிணிக்கு அங்கே வயது இருபத்தைந்து. எழுபத்தொரு வயது அப்பாவுக்கு நூற்றுப் பத்தொன்பது. வருடம் இவ்வளவு குறுகினால் கடல் முழுதாகச் சூடேறுமுன் அடுத்த பருவம் வந்து பருவ வேறுபாடு மழுங்கும். அதனால் சாய்வை நம் 23.4 பாகையிலிருந்து 28க்கு உயர்த்தினோம். இரண்டு பட்டத்துக்கும் இடையே தெளிவான வெயில் காலம் கிடைக்கும்.

இரவு வானம் எப்படி இருக்கும்? வெண்குள்ளன் வட்டமாகத் தெரியாது, கூரான ஒரு வெள்ளைப் புள்ளிதான். ஆனால் நம் வெள்ளிக் கிரகத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசம். நிலவில்லாத இரவில் அந்தப் புள்ளி ஒன்றே வரப்பில் ஆள் நிழலை விழவைக்கும். பக்கத்தில், சில பாகை தள்ளி, சிவப்புத் துணை. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 230 ஆண்டு, நம் ஆண்டில். அப்பாரு பார்த்த இடத்திலிருந்து பேத்தி பார்க்கும்போது சிவப்பு கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவே. அந்தச் சிவப்புக் குள்ளன் வெடிக்கும் வகை. சில இரவுகளில் சொல்லாமல் கொள்ளாமல் சில நிமிடம் பிரகாசித்து அடங்கும். அதற்கு அந்த ஊர் மக்கள் ஒரு பேர் வைத்திருப்பார்கள், ஒரு அச்சமும் இருக்கும். ஜோடி வருடத்தில் பாதி இரவில் தெரியும், பாதி பகலில் வெயிலோடு போகும். இரவில் தெரியும் காலம் முதல் பட்டம், மறையும் காலம் இரண்டாம் பட்டம் என்று எழுதினேன். “அப்படின்னா காலண்டரே வேண்டாமுங்க, அண்ணாந்து பாத்துட்டு விதைச்சுக்கலாம்” என்றார் அப்பா. இரண்டு மாதமாக நடந்த இந்த வேலையில் அவர் முழுதாகச் சம்மதித்த இடம் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. அந்த வெண்குள்ளன் ஒரு காலத்தில் மூன்று பேரிலும் பெரிய நட்சத்திரம். அது ராட்சதனாக ஊதி, மேலுறையை உதறியபோது நம் கிரகத்தின் வானம் என்ன பாடுபட்டிருக்கும்? எடையை இழக்கும்முன் மூவரும் இன்னும் நெருங்கியிருந்தார்கள். நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, கடல் தப்பியிருக்கும் என்று எழுதுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய பாறைகளில் அதன் தடம் ஒரு அடுக்காக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம். கிணறு தோண்டும்போது நாற்பதாவது அடியில் கருப்புக் கோடாக அது வரும். இது கற்பனை, ஆராய்ச்சியில் கண்டதல்ல.

இன்னொன்று. 2018இல் இந்த ஆரஞ்சு நட்சத்திரத்துக்கு 42 நாளில் சுற்றும் ஒரு கிரகம் இருப்பதாகச் செய்தி வந்தது. 2024இல் அது நட்சத்திரத்தின் மேற்பரப்புச் சலனம் தந்த தோற்றம்தான் என்று தெரிந்தது. எனக்கு அது வருத்தமாக இல்லை. அந்தத் தூரம் எப்படியும் சுட்டெரிக்கும், நமக்கு வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

கற்பனை நட்சத்திரம் ஒன்றை வைத்து இதே எண்களைப் போட்டிருக்கலாம். உண்மையான ஒன்றை எடுத்ததற்குக் காரணம், படிக்கும் பிள்ளை வெளியே வந்து அதைப் பார்க்க முடியும் என்பது. மார்கழி கடைசியில், இரவு ஒன்பது மணிக்கு, ஓரியனின் காலில் இருக்கும் ரைஜெல் நட்சத்திரத்திலிருந்து மேற்கே, கையை நீட்டி ஒன்றரை முஷ்டி அளந்தால் மங்கலாக ஒரு புள்ளி. உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும். ஊர் விளக்கு இல்லாத காட்டுக்குள் வெறும் கண்ணிலேயே தெரியும். சாளையின் விளக்கை அணைத்துவிட்டுப் போன மார்கழியில் மூன்று பேரும் பார்த்தோம். அப்பாவுக்குக் கண்புரை அறுவை ஆனபிறகு பார்த்த முதல் மங்கல் நட்சத்திரம் அது.

சூரியன் முடிவானதும் மீதி வேகமாக நகர்ந்தது. மொத்தக் கிரகத்துக்கும் ஒரே காலநிலை வைக்கும் தவறைச் செய்யக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறில் வருடம் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலை இறங்கிக் காங்கேயம் வந்தால் 600 சொச்சம்தான். அதனால்தான் இங்கே கிளுவை வேலி போட்ட கொறங்காடு, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், அதைத் தின்று வளரும் காங்கேயம் மாடு. வரைபடத்தில் மேற்கே ஒரு நீண்ட மலைத்தொடரும் அதில் ஒரே ஒரு கணவாயும் போட்டாள் அம்மிணி. காற்று எந்த ஊருக்கு வரும், எந்த ஊர் மழை மறைவில் காயும், எது தோட்டம், எது மேட்டாங்காடு என்பதெல்லாம் அந்த ஒரு சந்திலிருந்து தானாக வந்தது.

நிலா விஷயம்தான் பாக்கி. நிலா இருந்தால் அச்சுச் சாய்வு ஆடாமல் இருக்க உதவும், கடலில் ஏற்ற இறக்கம் இருக்கும், பட்டம் பட்டமாகவே நிலைக்கும். ஆனால் முழு நிலவு வெண்குள்ளனின் வெளிச்சத்தை அமுக்கிவிடும், வரப்பில் விழும் நிழல் மாதத்தில் பாதி நாள் காணாமல் போகும். நம் நிலாவில் கால்வாசி அகலத்தில் சின்னதாக ஒன்று வைக்கலாம் என்கிறேன் நான். அவ்வளவு சின்னது அச்சைப் பிடித்து நிறுத்தாது என்று அவள் நேற்று ராத்திரி கணக்கோடு வந்தாள். இந்த வாரம் இரண்டு நிலா வைத்துப் போட்டுப் பார்க்கிறோம்.